மாவின் நடுவில் முப்பத்திரண்டு டிகிரி

எங்கள் ஆய்வகத்தில் "சூடு" என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே என்னிடம் மாட்டிக்கொள்வது இந்த ஒரு சொல்லால்தான். "சார், பாத் சூடாயிடுச்சு" என்று யாராவது வந்து நின்றால், நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "எவ்வளவு?" என்பேன். "நல்லா சூடு சார்" என்று அந்தப் பிள்ளை சொல்லும். "நல்லா என்பது எத்தனை டிகிரி?" என்பேன். இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சுகம் பரவும். அந்தச் சுகத்துக்காகவே நான் இத்தனை வருடமாக இந்த வேலையை விடாமல் இருக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பம்ப் கம்பெனிக்கும் ஒரு பெயின்ட் குடோனுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் தெர்மாமீட்டர்களையும், குழாயில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் மீட்டர்களையும் எங்களிடம் அனுப்புவார்கள். அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து, ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். கையெழுத்துப் போடுகிறவன் நான். பாத் என்பது ஒரு தொட்டி. உள்ளே தண்ணீரோ எண்ணெயோ இருக்கும், அடியில் ஹீட்டர், ஓயாமல் சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டிரர். வேண்டிய வெப்பநிலையை வைத்துவிட்டால் கன்ட்ரோலர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேண்டிய வெப்பநிலைக்குப் பெயர் செட்பாயின்ட். அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினால் ஓவர்ஷூட். மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருந்தால் ஹன்டிங். ஹீட்டர் எரிய ஆரம்பித்தும் சென்சார் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது லேக்.

இவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் இருக்க வேண்டும் என்று ஒரு வருடம் எனக்கு வேகம் வந்தது. லேக் என்பதற்குச் சுணக்கம், ஹன்டிங்குக்கு அலைவு, ஓவர்ஷூட்டுக்கு மீறல் என்று இரண்டு பக்கம் அடித்து, லேமினேட் செய்து, சுவரில் மாட்டினேன். பிள்ளைகள் மரியாதையாகப் படித்தார்கள். மறுநாள் ஒருவன் தாமதமாக வந்து, "சாரி சார், ட்ரெயின் சுணக்கம்" என்றான். அதற்கு மேல் அந்தத் தாள் எதற்கும் பயன்படவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதன் மேல் யாரோ காலண்டரை மாட்டினார்கள். நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஆய்வகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் அந்தச் சொற்களைத் திருநின்றவூரில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போவேன். ரசம் கொதித்துவிட்டால் வீட்டில் "ஓவர்ஷூட்" என்பேன். மனைவி குளிக்கப் போகும்போது பக்கெட்டில் கை வைத்துப் பார்த்தால், "கை ஒரு கருவி இல்லம்மா" என்பேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை விட்டாள், அதன் பிறகு நான் பேசும்போது மிக்ஸியைப் போடக் கற்றுக்கொண்டாள்.

அவள் பல வருடம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசராக இருந்தாள். அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். சும்மா இருப்பது அவளுக்கு வரவில்லை. பிறகு இட்லி மாவு அரைத்துத் தெருவுக்குள் விற்க ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் விடியலுக்கு முன்பே லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், ஆகையால் மாவு நன்றாகவே போனது. மாவு அருமையாக இருக்கும். அதில் என் பங்கு எதுவும் இல்லை, அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் தண்ணீரில் கை வைத்தேன். கிரைண்டரில் மாவு அரையும்போது அவள் பக்கத்தில் ஒரு சொம்பு வைத்துக்கொண்டு அவ்வப்போது தண்ணீர் விடுவாள். எவ்வளவு விடுகிறாய் என்று கேட்டேன். "வேணுங்கற அளவு" என்றாள். என் மூக்குக்கண்ணாடி தானாகக் கைக்கு வந்துவிட்டது.

ஆய்வகத்தில் கழித்துப்போட்ட ஒரு ரோட்டாமீட்டர் இருந்தது. அது ஒரு நீளமான கண்ணாடிக் குழாய், கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். உள்ளே ஒரு சின்ன மிதவை. தண்ணீர் கீழிருந்து மேலே ஓடும்போது மிதவை எழும்பி நிற்கும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ, நிமிடத்துக்கு அத்தனை லிட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, சமையலறைக் குழாயோடு சேர்த்துச் சுவரில் பொருத்தினேன். பிள்ளைகளுக்கு நான் பாடமாகச் சொல்வது, ரோட்டாமீட்டர் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் பொய் சொல்லும் என்று. எங்கள் வீட்டுச் சுவர் செங்குத்தாக இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வாடகையைப் பற்றிப் பேசினார்.

அதோடு மேல்வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் எங்கள் மிதவை கீழே விழும், மூடினால் துள்ளி எழும்பும். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, "இப்ப ஒன்றரை, இப்ப ஒண்ணு, நிறுத்து நிறுத்து" என்று கத்திக்கொண்டிருப்பேன். அவள் சொம்பில் தண்ணீர் பிடித்து, தன் பாட்டுக்கு விட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் அந்த மீட்டர், வந்தவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்பதற்காகவே சுவரில் இருந்தது. ஒரு சொந்தக்காரர் மீன் எங்கே என்று கேட்டார்.

இதோடு நான் அடங்கியிருக்க வேண்டும்.

போன மார்கழியில் அவளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு, அவளே தேடிப் போனாள். குமணன்சாவடி ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டிபன் கடை இருக்கிறது. எப்போதும் கூட்டம். கடை வைத்திருப்பவர் ஒரு பாய். அவருக்கு மாவு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு தூக்குவாளியில் மாவை எடுத்துக்கொண்டு, பஸ் மாறிப் போய், அவர் கடையிலேயே இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். பாய் நின்றபடியே சாப்பிட்டுப் பார்த்தாராம். "சனிக்கெழம நாலு மணிக்கு வண்டி எட்தாரேன் தங்கச்சி. ஞாயித்துக்கெழம கடைக்கு ரெடி பண்ணு. நல்லா வந்துச்சினா அப்புறம் டெய்லி உன் மாவுதான்" என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்று வந்து சொன்ன நாளில் இருந்த முகம் அது. இடையில் அதை நான் பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஒரே பயம், குளிர். திருநின்றவூரில் ஏரிக்காற்று வேறு. மார்கழியில் மாவு எழும்பப் பிடிவாதம் பிடிக்கும். அந்த வாரம் ஒரு நாள் இரவு அரைத்து வைத்த மாவு காலையில் வைத்த இடத்திலேயே அப்படியே கிடந்தது. அவள் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமை மதியமே அரைத்துவிடுகிறேன், எவ்வளவு மெதுவாக எழும்பினாலும் மறுநாள் நாலு மணிக்குள் எழும்பிவிடும் என்றாள். அது நல்ல யோசனை. எந்தக் கருவியும் தேவைப்படாத யோசனை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அவ்வளவு நேரம் வெச்சா புளிச்சுப் போயிடும். சனிக்கிழமை காலைல அரை. நான் லீவு போடறேன். முப்பத்திரண்டு டிகிரியில வெச்சு நாலு மணிக்குள்ள பொங்க வெச்சுக் காட்டறேன்" என்றேன்.

"ஆவுமா?" என்றாள்.

"என் வேலையே அதுதானே."

அவள் மிக்ஸியைப் போடவில்லை. "சரிங்க" என்றாள்.

சனிக்கிழமை விடியும்போது கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. நான் பின்கட்டில் என் பாத்தைத் தயார் செய்தேன். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். அதில் தண்ணீர், தண்ணீருக்குள் ஹீட்டர், அதற்கு ஒரு கன்ட்ரோலர், கன்ட்ரோலரிலிருந்து நீளமான ஒரு சென்சார். கன்ட்ரோலரை ஒரு பலகையில் திருகி, சுவரில் கண் மட்டத்தில் மாட்டினேன். சிவப்பு எண்கள் பளிச்சென்று எரிந்தன. மாவை வழக்கம்போல ஆறு சின்னப் பாத்திரங்களில் ஊற்றி வைக்க அவள் கொண்டுவந்தாள். ஆறு பாத்திரம் என்றால் ஆறு சென்சார் வேண்டும், ஒரே டிரம்மில் ஊற்று என்றேன். முழங்கால் உயரம் இருந்த எவர்சில்வர் டிரம்மில் பாதிக்கு மேல் மாவு, அதை அண்டாத் தண்ணீருக்குள் இறக்கிவைத்தோம்.

இப்போது சென்சாரை எங்கே வைப்பது என்ற கேள்வி. சாதாரண ஆள் தண்ணீரில் போட்டிருப்பான். தண்ணீர் முப்பத்திரண்டுக்கு வந்ததும் ஹீட்டர் நின்றிருக்கும், மாவு மெல்ல மெல்ல அந்தச் சூட்டுக்கு வந்திருக்கும், கதையும் முடிந்திருக்கும். நான் சாதாரண ஆள் இல்லையே. எனக்கு வேண்டியது தண்ணீரின் வெப்பநிலையா, மாவின் வெப்பநிலையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வாடிக்கையாளர்களிடம் நான் கேட்கும் கேள்வி அது. எதை அளக்க வேண்டுமோ அதை அள. சென்சாரை மாவின் நட்டநடுவில் இறக்கி, ஆடாமல் கயிறு கட்டினேன். இருபத்தாறு என்று காட்டியது. செட்பாயின்ட் முப்பத்திரண்டு. ஹீட்டர் விளக்கு எரிந்தது. சூடு வெளியே போகாமல் இருக்க அண்டாவைச் சுற்றி இரண்டு கம்பளியும், மேலே ஒரு பழைய மெத்தையும் போட்டு மூடினேன். ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

ஆய்வகத்து எண்ணெயில் ஸ்டிரர் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஓரத்துச் சூடு நடுவுக்கு உடனே வந்துவிடும். மாவைக் கலக்க முடியாது, கலக்கினால் எழும்பியது அமுங்கிவிடும். இட்லி மாவு கெட்டியாக, சோம்பேறியாக, இருந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கும் பொருள். அவ்வளவு பெரிய டிரம்மில் ஓரத்துச் சூடு நடுவுக்கு நடந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தொட்டி என்று எது வந்தாலும் நான்கு மூலையிலும் நடுவிலும் பார், ஒரே இடத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு மூலைகள் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. என் எதிரில் ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது, அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெகு நேரம் இருபத்தாறு. பிறகு இருபத்தாறு புள்ளி மூன்று. "என்னங்க, ஏறலையே" என்றாள் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே. லேக், என்றேன். மெதுவாக ஏறினால்தான் நல்லது, ஓவர்ஷூட் ஆகாது என்றேன். அவள் மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, கம்பளிக்குள் கையை விட்டு, தண்ணீரைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்தாள்.

"தண்ணி சுடுதுங்க."

"எவ்வளவு?" என்றேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எவ்ளோன்னா... சுடுது. கை வெக்க முடியல."

"தண்ணி எவ்வளவு இருந்தா நமக்கென்னம்மா. அது வெறும் மீடியம். நமக்கு மாவுதான் முக்கியம். மாவு என்ன காட்டுது பாரு, இருபத்தாறரை. இன்னும் குளிர்லதான் இருக்கு."

அவள் எண்ணைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு மெத்தையை நான் போட்டிருந்தபடியே இழுத்து, இடுக்குத் தெரியாமல் மூடிவிட்டு, மாவு கொடுத்தனுப்பப் பெரிய டப்பாக்கள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

அதன் பிறகு நான் மிக நிம்மதியாக இருந்தேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும். எண் இருபத்தேழு ஆனது. ஒரு டீ போட்டுக் குடித்தேன். இருபத்தெட்டைத் தொட்டபோது போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், ஆய்வகத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று. மதியம் சாய்கிற நேரத்தில் இட்லி வேகும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் இந்த நேரத்தில் இட்லி வைக்கிறார்களே, இவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்றே ஒன்று கிடையாதா என்று நினைத்தேன். வாசனை நன்றாக இருந்தது. மூக்கை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன்.

மனைவி டப்பாக்களோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"யாரு ஊட்ல இட்லி அவிக்கறாங்க?" என்றாள்.

இருவரும் அண்டாவைப் பார்த்தோம். நான் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தொன்று புள்ளி எட்டு. செட்பாயின்ட்டுக்கு அத்தனை பக்கத்தில், அத்தனை அழகாக, அசையாமல் நின்றது. ஆய்வகத்தில் ஒரு பாத் அப்படி நின்றால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

மெத்தையை எடுத்தபோது ஆவி முகத்தில் அடித்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்து, டிரம்மின் மூடியைத் திறந்தோம். உள்ளே ஓரம் முழுக்க வெள்ளையாக வெந்து, மேல்பக்கம் மெத்தென்று உப்பி, டிரம்மின் வடிவத்தில் ஒரே ஒரு இட்லி உட்கார்ந்திருந்தது. நடுவில் என் சென்சார் இறங்கியிருந்த இடத்தில் மட்டும் கையகலத்துக்குப் பச்சை மாவு. அந்த மாவு நன்றாகவே பொங்கியிருந்தது. நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன வெப்பநிலை இருந்தது, அதை யாராலும் மறுக்க முடியாது.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. ஒரு கரண்டியை எடுத்து ஓரத்தில் குத்திப் பார்த்தாள். கரண்டி ஒட்டாமல் வந்தது. "வெந்துடுச்சு" என்றாள். வாங்கிவந்த டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூலையில் வைத்தாள். ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது.

"தண்ணி சுட்டுச்சு" என்றாள் பிறகு, என்னைப் பார்க்காமல். "நீங்க சொன்னீங்களேன்னு வுட்டுட்டேன்."

நாலு மணிக்குள் வேறு மாவு அரைத்துப் பொங்க வைக்க முடியாது. பாய்க்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றேன். வேண்டாம், வரட்டும் என்றாள். முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டாள். நான் அந்த நேரத்தில் மனதுக்குள் விளக்கத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் நானே ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அது பெரிய மனதாகவும் எனக்குத் தோன்றியது.

பாய் சொன்ன நேரத்துக்குத் தன் சின்ன வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். தாடியெல்லாம் நரைத்த, வேகமாக நடக்கிற மனிதர். சமையலறை வழியாகப் பின்கட்டுக்கு வரும்போது சுவரில் இருந்த ரோட்டாமீட்டரைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்குள்ளயே பெட்ரோல் பங்க் வெச்சிகினு கீறீங்க?" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி இது?"

நான் முந்திக்கொண்டேன். "பாய், இதுல மாவு மேல தப்பில்ல. தப்பு எல்லாம் என்னோடது. சென்சார் வெச்ச இடத்துல லேக் அதிகம். யூனிஃபார்மிட்டி பாக்காம விட்டுட்டேன். கன்ட்ரோலர் சரியாத்தான் வேலை செஞ்சுது, நடுவுல பாத்தீங்கன்னா இப்பவும் கரெக்டா..."

பாய் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பி, "அண்ணாத்தே இன்னா சொல்றாரு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல பாய். மாவு வெந்துடுச்சு" என்றாள் அவள். "சூடு ஜாஸ்தியானது எனக்குத் தெரிஞ்சுது. நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. தப்பு என்னுது."

"இல்ல பாய், அவ..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தையல் லைனில் அவளுக்குக் கீழே வேலை செய்த பெண்களுக்கு அந்தப் பார்வை பழக்கமாக இருந்திருக்கும். எனக்கு அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டேன்.

பாய் டிரம்மின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே போனை எடுத்து, பூந்தமல்லியில் யாரிடமோ நாளைக்கு பாக்கெட் மாவு வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று நான் நினைத்தேன்.

"ருசி நல்லாத்தான் கீது" என்றார் பாய், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. "பத்து பேர்கிட்ட மாவு வாங்கிக்கீறேன் தங்கச்சி. கெட்டுப் போச்சுனா கரண்டு இல்லம்பான், உளுந்து பழசும்பான், வேலையாளு சரியில்லம்பான். நான்தான் வுட்டேன்னு ஒர்த்தனும் சொன்னதில்ல." கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி பாக்கலாம். புதன்கெழம சாயங்காலம் வரேன். அன்னிக்கும் இந்த மாதிரி இட்லியா நிக்க வெச்சே, அப்பால நான் வர மாட்டேன்" என்றார்.

"வெக்க மாட்டேன் பாய்" என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் நான் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன? தப்பு என்னுதுதானே?"

"உங்களுதுதான். யாரு இல்லன்னாங்க?"

"அப்புறம்?"

அவள் டிரம்முக்குள் இருந்த இட்லியைக் கத்தியால் கட்டம் கட்டமாக அறுத்துக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அசதி மட்டும் இருந்தது.

"அவரு மாவு கேட்டது என்கிட்டங்க. ஊட்டுக்காரரு கெடுத்துட்டாருன்னு நீங்க சொன்னா, அடுத்த வாட்டி அவரு உங்ககிட்ட பேசுவாரு. என்கிட்ட பேச மாட்டாரு."

எத்தனையோ கம்பெனிகளுக்குப் போய், வாசலில் பதிவு செய்து, பாஸ் வாங்கி, அவர்கள் காட்டிய இடத்தில் மட்டும் நின்று வேலை பார்த்திருக்கிறேன். என் வீட்டுப் பின்கட்டில் ஒரு தொழில் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் நான் பாஸ் இல்லாமல் நுழைந்து, அவள் நேரத்தை மாற்றி, பாத்திரத்தை மாற்றி, கடைசியில் தப்பைக்கூட என் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சொல்லப்போனால் அவள் மேல் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அறுத்த துண்டுகளைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரும்படி என்னிடம் ஒரு பெரிய தாம்பாளத்தை நீட்டினாள். கொடுத்துவிட்டு வந்தேன். எல்லோரும் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறு சின்னப் பாத்திரங்களையும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமைக்கு வேணும்னா நான் லீவு போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். "எதுவும் செய்ய மாட்டேன். தூக்கிக் கொடுக்க, கழுவிக் கொடுக்க, சும்மா ஒரு ஆளா இருக்கேன்."

"வேணாங்க" என்றாள். "நீங்க டூட்டிக்குப் போய்ட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் ஊருக்குப் போகிறவனை வழியனுப்புகிற மாதிரி, அத்தனை அன்பாகச் சொன்னாள். புதன்கிழமை காலை அவளும் ஆறு பாத்திரமும் பின்கட்டில் இருக்க, நான் டூட்டிக்குக் கிளம்பினேன். ரயிலில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.